விழப்போற பல்லுக்கு எதுக்கு டாக்டர் இவ்வளவு செலவு?

பெரம்பூரில் பல் கிளினிக் நடத்துகிறேன். நான் அதிகம் கேட்ட கேள்வி எது என்றால் தலைப்பில் இருப்பதுதான். போன மாதம்கூட ஓர் அப்பா கேட்டார். ஐந்து வயதுப் பையன், கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரிய குழி, ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது, மூன்று நாளாக வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்றேன். "பால் பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க, எப்படியும் விழுந்து முளைக்கத்தானே போகுது."

அவர் சொன்னதில் பாதி சரி. பால் பல் என்றதும் நம் எல்லோருக்கும் ஆறு வயதில் ஆடுகிற முன்பல்தான் ஞாபகம் வரும். ஆனால் பால் பற்கள் மொத்தம் 20. அதில் முன்பல் எட்டும் 8 வயதுவாக்கில் விழுந்துவிடும், கோரைப்பல் நான்கும் கடைவாய்ப்பல் எட்டும் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. இந்தப் பையன் இன்னும் ஐந்தாறு வருடம் அந்தப் பல்லால்தான் மென்று சாப்பிட வேண்டும். பிடுங்கிவிட்டால் பின்னால் வரும் பல் காலி இடத்தைப் பார்த்து முன்னால் சாய்ந்துகொள்ளும், மின்சார ரயிலில் ஒருத்தர் எழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் காலை அகட்டி உட்காருவாரே, அதே மாதிரிதான். அப்புறம் பத்து வயதில் அடியிலிருந்து வருகிற நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது, கிடைத்த சந்தில் கோணலாக முளைக்கும், பதின்மூன்று வயதில் கம்பி போடக் கூட்டி வருவீர்கள். வேறு வழியே இல்லாமல் பிடுங்க நேர்ந்தால் அந்த இடத்தைக் காப்பாற்ற ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டிவிடுவோம். அது இரண்டாவது வழிதான், முதல் வழி இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அடுத்து வரப்போகும் பல்லின் மொட்டு, பால் கடைவாய்ப்பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலே மாதக்கணக்கில் சீழ் வைத்திருந்தால் கீழே உருவாகும் பல்லின் எனாமல் கெட்டு, முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடு வரலாம். "கிராம்புத் தைலம் வச்சோம், வலி நின்னுடுச்சு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். உள்ளே நரம்பு செத்தாலும் வலி நின்றுவிடும், கொஞ்ச நாளில் ஈறில் பரு மாதிரி ஒரு சீழ்க்கட்டி கிளம்பும்.

அந்த அப்பா யோசித்துவிட்டு இரண்டு நாளில் திரும்ப வந்தார். பையன் இப்போது ஸ்டீல் கேப்பை 'வெள்ளிப் பல்' என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறானாம். செலவுதான் தடை என்றால் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, குழந்தைகளுக்கென்றே தனித் துறை உண்டு. காலையிலேயே போய்விடுங்கள்.

சரி, சொத்தை எங்கிருந்து தொடங்குகிறது? எல்லோரும் சாக்லேட்டைத் திட்டுவார்கள். நான் முதலில் கேட்பது ராத்திரி பாட்டிலைப் பற்றி. இரண்டு வயதுக் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கினால் முன்பல் நான்கும் கறுத்து, ஈறு மட்டத்துக்குத் தேய்ந்து போயிருக்கும். கீழ்ப்பல் மட்டும் அரிசி அரிசியாக வெள்ளையாக இருக்கும். உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்கிறது, பால் மேல்பல்லில் தேங்குகிறது, தூக்கத்தில் எச்சிலும் குறைவாகத்தான் ஊறும், அதனால் கழுவிவிட ஆளில்லை. பால் பல்லின் எனாமலும் மெல்லிசு, சொத்தை சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். "நாங்க சர்க்கரையே போடுறதில்ல, பனங்கற்கண்டுதான்" என்று பாட்டிமார்கள் சண்டைக்கு வருவார்கள். பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான் பாட்டி.

ஒரே ராத்திரியில் நிறுத்தச் சொல்ல மாட்டேன், நீங்களும் தூங்க வேண்டுமே. பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், பெரும்பாலான குழந்தைகள் அதற்காக எழுந்திருக்காது. கடைசிப் பாலைக் குடித்ததும் பல் துலக்கிவிட்டுப் படுக்கப் போடுங்கள். மாதம் ஒரு தடவை போன் டார்ச்சை அடித்து உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி சாக்பீஸ் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கூட்டி வாருங்கள், அந்தக் கட்டத்தில் பல்லை உறுதியாக்கும் ஃப்ளூரைடு பூசியே பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

ஃப்ளூரைடு என்றதும் சிலர் பயப்படுகிறார்கள், முக்கியமாக தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சொந்தம் உள்ளவர்கள். அங்கே நிலத்தடி நீரில் அது அதிகம், பல்லில் கறை படிந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், பயம் நியாயம்தான். ஆனால் அது வருடக்கணக்கில் குடித்த தண்ணீரால் வந்தது. இங்கே நாம் பேசுவது மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்க வேண்டாம். அட்டையில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்கிறதா என்றும் பாருங்கள், பொம்மை போட்ட சில பேஸ்ட்டில் ஃப்ளூரைடே இருக்காது. ஏழெட்டு வயது வரை நீங்கள்தான் துலக்கிவிட வேண்டும், "அவனே பண்ணிக்குவான்" கதையெல்லாம் வேண்டாம்.

நேற்று ஓர் அம்மா ஆறரை வயது மகளோடு வந்தார். கடைசிப் பல்லில் லேசாகக் கறுப்பு. "இது பால் பல்தானே, பரவாயில்லையா?" இல்லை. பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஆறு வயதில் சத்தமில்லாமல் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப்பல் அது, இனி ஆயுசுக்கும் அதுதான். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து டார்ச்சைப் போட்டு, "இன்னொரு தடவை ஆ காட்டு" என்றார்.