சிக்கலான குடியுரிமை விண்ணப்பம்: எந்த லோயரிடம் போவது?

லண்டனில் நம் ஆட்கள் லோயர் தேடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாரிடமாவது விசாரிப்பார்கள். "எங்கட கேஸை அவர்தான் முடிச்சுத் தந்தவர், கெட்டிக்காரன்" என்று ஒரு போன் நம்பர் கிடைக்கும். அந்தக் கேஸும் உங்கள் கேஸும் ஒன்றா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. திருமண விசாவில் வந்து, நிரந்தர வதிவிடம் வாங்கி, போலீஸ் பக்கமே போகாத ஒருவருக்குக் குடியுரிமைப் படிவம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன்: அப்படிப்பட்டவருக்கு லோயரே வேண்டாம். ஆன்லைனில் அவரே போட்டுவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்களைக் களவாக அனுப்பிவைக்கும் ஏஜென்ட் கொடுத்த பாஸ்போர்ட்டில் வந்தவர், வேறு பெயரில் முதலில் பதிவானவர், விசா முடிந்தும் சில காலம் தங்கிவிட்டவர், எப்போதோ ஒரு கைகலப்பில் தண்டனை பெற்றவர், விசாவுக்கு ஒரு வருமானமும் வரித்துறைக்கு இன்னொரு வருமானமும் காட்டியவர். இவர்களுக்கு ஆள் பார்த்துத்தான் போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 1,600 பவுண்டுக்கு மேல். மறுத்துவிட்டால் அதில் குடியுரிமை விழாவுக்கான சிறு தொகைதான் திரும்பி வரும். குடியுரிமை மறுப்புக்கு எதிராக மேல்முறையீடும் கிடையாது. மறுபரிசீலனை கேட்கலாம், அதுவும் சரிவராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிபதி பார்ப்பது. அதற்கு ஆகும் செலவு வேறு கணக்கு.

நல்ல லோயரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சந்திப்பில் அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "எந்த வருஷம், எந்த வழியாக வந்தீர்கள்? யாருடைய பாஸ்போர்ட்? இறங்கிய இடத்தில் என்ன பெயர் சொன்னீர்கள்? முதல் விசாரணையில் என்ன பிறந்த தேதி எழுதினார்கள்?" என்று குடைய வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் ஊருக்குப் போய்வந்த தேதிகளை ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். பொதுவாக 5 ஆண்டில் 450 நாள், கடைசி 12 மாதத்தில் 90 நாள், அதற்குமேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. பிரித்தானியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர் என்றால் 3 ஆண்டில் 270 நாள். புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் இதில் சேராது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், சரியாக 5 அல்லது 3 ஆண்டுக்கு முந்தைய அந்த நாளில் நீங்கள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அன்று யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்திருந்தால், விண்ணப்பத் தேதியைச் சற்றுத் தள்ளிப் போட்டாலே போதும். இதைப் பார்க்காமல் "இன்றைக்கே போட்டுவிடலாம்" என்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது ஒருவரின் கோப்புக்கு வருகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். வேறொரு அலுவலகத்தில் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார்கள், பணம் கட்டுவதுதான் பாக்கி. யாரோ "இன்னொருவரிடம் ஒரு தடவை காட்டுங்கோ" என்று சொன்னதால் என்னிடம் வந்தார். "இதற்கு முன் வேறு பெயரில் அறியப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் போட்டிருந்தது. கேட்டால், "அண்ணை, அது என்ர பேரே இல்லை, ஏஜென்ட் தந்த பேர்தானே" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஹோம் ஆபீஸ் என்ற பிரித்தானிய உள்துறை வைத்திருந்த அவருடைய கோப்பை வரவழைத்துப் பார்த்தோம். முதல் விசாரணைத் தாளில் ஏஜென்ட் கொடுத்த பெயரும், அதற்குக் கீழே அவரே சொன்ன சொந்தப் பெயரும், பக்கத்தில் ஒட்டிய படமும் அப்படியே இருந்தன. அதாவது அரசுக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அந்த "இல்லை"யோடு விண்ணப்பம் போயிருந்தால், இல்லாத ஒரு பொய்யை அவர் புதிதாகச் சொன்னதாக ஆகியிருக்கும். பொய்த் தகவல் தந்ததாக முடிவெடுத்தால் அடுத்த 10 ஆண்டுக்கு வரும் விண்ணப்பங்களும் பொதுவாக நிராகரிக்கப்படும். தெரியாமல் குடியுரிமை கிடைத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. மோசடியால் பெற்றது என்று தெரியவந்தால் 1981ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் அதைப் பறிக்க இடமுண்டு. இரண்டு பெயரையும் எழுதி, ஒரு விளக்கக் கடிதமும் வைத்து அனுப்பினோம். குடியுரிமை கிடைத்தது.

அந்தக் கோப்பைக் கேட்டுப் பெறக் கட்டணம் இல்லை. தனிநபர் தகவல் கோரிக்கை என்று ஹோம் ஆபீஸுக்கு எழுத வேண்டும், வழக்கமான கெடு ஒரு மாதம். பழைய அகதிக் கேஸ் உள்ள எவருக்கும், கோப்பைப் பார்க்காமல் படிவத்தில் கைவைக்கிற லோயரை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மேலே சொன்னவருடையது 2025க்கு முந்தைய விண்ணப்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 10 முதல் விண்ணப்பிப்பவர் நன்னடத்தை உள்ளவரா என்று முடிவெடுக்க ஹோம் ஆபீஸ் வைத்திருக்கும் வழிகாட்டல் மாறிவிட்டது. சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவரின் விண்ணப்பம், எத்தனை வருஷம் கடந்திருந்தாலும், பொதுவாக மறுக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். "பொதுவாக" என்பதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, உங்கள் சூழ்நிலை அதற்குள் அடங்குமா என்பதுதான் இன்றைய வேலை. "இருபது வருஷத்துக்கு முந்திய கதை, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எவராவது சொன்னால், அவர் புது வழிகாட்டலைப் படிக்கவில்லை என்று அர்த்தம். இப்போதைக்குப் போட வேண்டாம், காசை வைத்திருங்கள் என்று சொல்கிறவர் பல நேரம் நல்ல லோயராக இருப்பார்.

தவறான ஆலோசனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு மலேசியர்களின் கதை இருக்கிறது. பினாங்கிலும் மலாக்காவிலும் வேர் உள்ள பலருக்குப் பழைய காலனி ஆட்சியின் மிச்சமாகப் பிரித்தானியக் கடல்கடந்த குடிமகன் என்ற தகுதி இருந்தது, ஆனால் அது இங்கே வந்து வாழும் உரிமையைத் தராது. மலேசியக் குடியுரிமையைத் துறந்தால் முழுப் பிரித்தானியக் குடியுரிமை கிடைக்கும் என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. 2002 ஜூலை 4க்குப் பிறகு வேறு குடியுரிமையைத் துறந்தவருக்கு அந்த வழி இல்லை என்று சட்டமே சொல்கிறது. துறந்தவர்கள் நாடற்றவர்களாக நின்றார்கள்.

யார் ஆலோசனை சொல்லலாம் என்பதிலும் சட்டம் கறார்தான். சொலிசிட்டர் என்றால் எஸ்ஆர்ஏ என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். சொலிசிட்டர் அல்லாத ஆலோசகர் என்றால் ஐஏஏ என்ற குடிவரவு ஆலோசனை ஆணையத்தின் பதிவு வேண்டும். 2025 ஜனவரிக்கு முன் ஓஐஎஸ்சி என்று இருந்த அமைப்புதான் அது. அங்கே மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை ஆலோசகர் நேரான விண்ணப்பங்களைச் செய்யலாம், மேலே சொன்ன மாதிரிச் சிக்கல்கள் அவர் எல்லைக்குள் வராது. இரண்டு பதிவேட்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு இல்லாமல் காசு வாங்கி ஆலோசனை சொல்வது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. டிராவல் ஏஜென்சியிலோ கணக்காளர் அலுவலகத்திலோ "இதையும் செய்து தருகிறோம்" என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். மொத்தம் எவ்வளவு, வாட் வரி சேர்த்தா, ஹோம் ஆபீஸ் மேலும் கேள்வி கேட்டால் பதில் எழுத வேறு காசா, கோப்பை உண்மையில் பார்க்கப்போவது சொலிசிட்டரா அவரது உதவியாளரா. இந்த நான்கும் தெரிந்தால் போதும். நூறு சதவீதம் கிடைக்கும் என்று உத்தரவாதம் தருபவரையும், "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்பவரையும் விட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் அடையாளத்துக்கு உறுதி சொல்லும் பரிந்துரையாளராக நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று அதே லோயர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் சட்டப் பிரதிநிதி பரிந்துரையாளராக இருக்க முடியாது, இந்த அடிப்படையே தெரியாதவரிடம் மற்றதை எப்படி நம்புவது?

தமிழ் லோயர்தான் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மொழி பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் தமிழ் லோயரிடம் வெட்கப்பட்டுப் பாதியை மறைப்பவர்களும் உண்டு. ஊரில் தெரிந்தவர், யாருக்காவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான். அதையும் மீறி உங்களுக்குக் கூச்சம் இருந்தால், மொழிபெயர்ப்பாளரை வைத்து வேறொருவரிடம் முழுக் கதையையும் சொல்வது மேல்.

பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்டாரா என்றும் பாருங்கள். உங்களுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு இங்கே பிறந்த பிள்ளை பிறப்பிலேயே பிரித்தானியக் குடிமகன், அதற்கு ஒரு விண்ணப்பமும் தேவையில்லை, நேராகப் பாஸ்போர்ட் எடுக்கலாம். அதற்கும் கட்டணம் வாங்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

ஏற்கனவே ஒருவரிடம் கேஸைக் கொடுத்துவிட்டு மனம் ஒப்பவில்லையா? மாற்றிக்கொள்ளலாம், உங்கள் கோப்பைக் கேட்டு வாங்கலாம். கட்டணப் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்கும் வரை கோப்பைத் தராமல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, அதனால் முதலில் கணக்கை முடியுங்கள். சேவையில் குறை என்றால் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீர்வு வராவிட்டால் சொலிசிட்டர் மீதான புகாரைச் சட்டச் சேவைக் குறைதீர்ப்பாளரான லீகல் ஓம்புட்ஸ்மனிடம் கொண்டு போகலாம், அங்கே கட்டணம் இல்லை. பதிவு பெற்ற ஆலோசகர் மீது என்றால் புகார் ஐஏஏவுக்குப் போக வேண்டும்.