தற்காலிக கேப் உயரமாகத் தட்டினால் பொறுத்திருக்க வேண்டாம்

நிரந்தர கேப் தயாராகும்வரை பல்லின்மேல் மாட்டும் மூடியான தற்காலிக கேப்பைப் பொருத்திக்கொண்டு போனவர்கள், பல்லைத் தொடவே முடியாத வலியோடு திரும்பி வந்து, “முதல் நாளே கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது, போகப்போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்” என்று சொல்வது பல் மருத்துவர்களான எங்களுக்குப் புதிதல்ல. அண்மையில் வந்த ஒருவரோ அந்தப் பல்லையே பிடுங்கிவிடும்படி கேட்டார். கேப்பின் மேற்பரப்பை இம்மியளவு தேய்த்துக் கொடுத்ததைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. சில நாள்களில் வலி அடங்கிவிட்டது.

உயரம் பழகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. பற்களுக்கிடையே ஒரு தலைமுடி சிக்கினாலும் நாம் உணர்வதற்கு அதிலுள்ள நரம்புகளே காரணம். கேப் உயரமாக இருந்தால், மெல்லும்போது மட்டுமல்லாமல், எச்சில் விழுங்கப் பற்களைச் சேர்க்கும்போதும், உறக்கத்தில் பல்லைக் கடிக்கும்போதும் அந்த ஒரு பல்லே முதல் அடியை வாங்குவதால், அத்திசு நசுங்கி வீங்குகிறது. வேர் சிகிச்சை செய்த பல்லுக்கும் இது பொருந்தும். எடுக்கப்பட்ட நரம்பு வேருக்குள்ளே இருந்தது, இந்தத் திசு வேருக்கு வெளியே இருக்கிறது. நாங்கள் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லிச் சோதித்துத்தான் அனுப்புகிறோம். ஆனால் வாய் மரத்திருக்கும்போது எவராலும் சரியாகக் கடித்துக் காட்ட முடியாது. ஆகவே, மரப்பு நீங்கியபின் உயரம் தெரிந்தால் மறுநாளே வந்து சொல்லுங்கள். மருத்துவர் தவறாக நினைப்பாரோ என்ற தயக்கம் தேவையே இல்லை. அது சில நிமிட வேலை.

குளிர்ந்த நீருக்குக் கூசுவதும் ஈறு சற்று புண்ணாக இருப்பதும் முதல் சில நாள்களுக்கு இயல்பானவை. வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளியுங்கள். உங்கள் உடல்நிலைக்கு ஒத்துக்கொள்ளுமானால், உறையில் குறித்த அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளாதீர்கள். அது ஈறை வெந்துபோகச் செய்யும். மறுபக்கமாக மெல்லுங்கள், ஒட்டும் தின்பண்டங்களைத் தள்ளிவையுங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். வலிக்குப் பயந்து அந்தப் பல்லைத் துலக்காமல் விட்டால் ஈறு மேலும் வீங்கும்.

பிறகு கழற்ற வேண்டும் என்பதற்காகவே தற்காலிக கேப்பை வலுக்குறைந்த பசையால் ஒட்டுகிறோம். ஆகவே கழன்றுவிட்டால் பதற வேண்டாம். தயவுசெய்து வீட்டிலுள்ள சூப்பர் க்ளூவால் ஒட்டாதீர்கள், அது வாய்க்கானதல்ல. கேப்பைக் கழுவிப் பத்திரப்படுத்தி உடனே தகவல் சொல்லுங்கள். ஆடும் கேப்போடு உறங்கினால் அது தொண்டைக்குள் போகக்கூடும். வலி இல்லையே என்று வாரக்கணக்கில் திறந்து விட்டால், அக்கம்பக்கத்துப் பற்கள் நகர்ந்து, செய்துவைத்த நிரந்தர கேப் பொருந்தாமல் போகும். மறுபடியும் அளவெடுக்க நேரும்.

இரவில் எழுப்பும் துடிப்பு வலி, சூடு பட்டபின் நெடுநேரம் நிற்கும் வலி, ஈறில் சீழ் ஆகியவை இருந்தால் அன்றே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். முகமோ கழுத்தோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் எங்களுக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே சென்றுவிடுங்கள்.