நஞ்சுக்கொடி ஒன்றும் சல்லடை அல்ல

"விஷத்தையெல்லாம் நஞ்சுக்கொடி பிடித்து வைத்துக்கொள்ளுமே, டாக்டரம்மா? பிள்ளைக்கு எப்படிப் போகும்?"

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமியார் போன வாரம் கேட்டார். மருமகள் விடியும் முன்பே தோட்டத்தில் குனிந்து மல்லிகை பறிப்பவள். தீராத இடுப்பு வலி. கணவர் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி வந்த மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து மூன்று வேளையும் விழுங்கியிருக்கிறாள். காய்ச்சல் மாத்திரைதான் என்ற நினைப்பு. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பாரசிட்டமாலோடு டிரமடால். இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த நான்காவது அட்டை இது. பொறுமை போய்விட்டது.

டிரமடால் அபினியைப் போல் வேலை செய்யும் மருந்து. 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது. எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன? கோடீன் கலந்த இருமல் மருந்தும் இதே இனம்தான்.

சரி, அந்த மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் நஞ்சுக்கொடியில் கலப்பதில்லை என்பது உண்மை. அதை வைத்துத்தான் எல்லாம் அங்கேயே நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். இடையில் இருப்பது மெல்லிய சவ்வு. டீ வடிகட்டியில் தூள் நிற்கும், சர்க்கரை நிற்குமா? டிரமடால் அந்தச் சர்க்கரையைப் போன்றது. தாய் விழுங்கியது பிள்ளையிடம் போய்ச் சேரும்.

போதாததற்கு, நஞ்சும் பிள்ளையோடு சேர்ந்து வளர்கிற உறுப்பு. சுமார் 20 வாரத்துக்குள் அதன் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, தாயின் குறுகிய இரத்தக் குழாய்களை அகலமாக்கியாக வேண்டும். அபின் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அந்தச் செல்களிலேயே இருக்கின்றன. இம்மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களிடம் நஞ்சு முதிர்வதில் பின்தங்கல், நேரத்துக்கு முன்பே அது பிரிந்துவிடுதல், எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிரசவம் எல்லாம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவளுக்கு 32 வாரம். ஸ்கேனில் பிள்ளை 28 வார அளவு. மாத்திரை மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஹீமோகுளோபினும் எட்டுதான், இரத்தச்சோகை. ஆனால் மாத்திரையை ஒதுக்கிவிடவும் முடியாது.

விஷயம் தெரிந்ததும் கணவர் அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போடப் போனார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழகிய உடலில் சட்டென்று நிறுத்தினால் பிரசவ வலி முந்தி வரலாம், வயிற்றில் பிள்ளை தவித்துப்போகலாம். படிப்படியாகக் குறைப்பதா, மாற்று மருந்து கொடுத்துக் கண்காணிப்பதா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களைத் திட்டமாட்டேன், என் திட்டெல்லாம் கடைக்காரருக்கு. இதற்குப் பதிலாக டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்க அடுத்த கடைக்கும் ஓடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அது பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

வயிற்றிலேயே இந்த மருந்துக்குப் பழகிய பிள்ளைகள், பிறந்த இரண்டு மூன்று நாட்களில் கீச்சென்று அழலாம், நடுங்கலாம், பால் குடிக்க மறுக்கலாம். "சுகப்பிரசவம்தானே, நாளைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று நச்சரிக்காதீர்கள். தொட்டில் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.