வால் வெட்டிய கார்கள்

தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். “கான்செப்ட் கார் என்று படத்தில் வருவதெல்லாம் முன்னால் வழுவழுவென்று இருக்கின்றன, பின்னால் மட்டும் சட்டென்று வெட்டிவிட்டாற்போல் முடிகின்றன. ஏன்? எங்கள் ஊரில் இவ்வளவு காற்று அடிக்கிறதே, மின்சாரக் காரின் கூரையில் ஒரு சின்னக் காற்றாலை வைத்தால் ஓட ஓடத் தானாகவே சார்ஜ் ஆகாதா?” முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது கேள்வி தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கான்செப்ட் கார் என்பது விற்பதற்கல்ல, காட்டுவதற்கு. 1938இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹார்லி ஏர்ல் உருவாக்கிய ப்யூக் ஒய்-ஜாப்தான் இந்த வகையின் முதல் கார் என்பார்கள். அதற்காக இவையெல்லாம் வெறும் கண்காட்சிப் பொம்மைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. டாடா 2022இல் காட்டிய கர்வ் 2024இல் கடைக்கு வந்தது. மகிந்திரா அதே 2022இல் காட்டிய பிஇ.05, 2024 இறுதியில் பிஇ 6 ஆக வெளியானது. மின்சாரக் காரில் பேட்டரிதான் கனம், பேட்டரிதான் விலை. காற்றோடு மல்லுக்கட்டும் சக்தியைக் குறைத்தால், அதே தூரத்துக்குச் சிறிய பேட்டரி போதும். வடிவமைப்பாளர்களின் கவனம் அழகைத் தாண்டி இங்கே வந்து நிற்பது இதனால்தான்.

காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் குமரி மாவட்டத்தில் வைத்தே கணக்குப் போடலாம். 1,500 கிலோ எடையுள்ள சாதாரணக் கார் ஒன்றுக்கு டயர் உருளும் தடை ஏறக்குறைய 150 நியூட்டன். வேகம் எதுவானாலும் அது பெரிதாக மாறாது. மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் 30 கி.மீ. வேகத்தில் போனால் காற்றுத்தடை 30 நியூட்டனைக்கூடத் தொடாது. அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை. ஆடி மாதம் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்கு வாருங்கள். மேற்கிலிருந்து 40 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று அடிக்கிறது, நீங்கள் 60இல் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு அது 100 கி.மீ. வேகக் காற்று. தடை 300 நியூட்டனைத் தாண்டிவிடும்.

இந்தத் தடை எங்கிருந்து வருகிறது? முன்பக்கம் காற்றை இடித்துக்கொண்டு போவதால் என்றுதான் பலரும் சொல்வார்கள். முன்பக்கம் ஓரளவு உருண்டிருந்தால் போதும், காற்று சண்டை போடாமல் விலகிக்கொள்ளும். வம்பு பின்னால் தொடங்குகிறது. மழைக்காலத்தில் குழித்துறை ஆற்றுப் பாலத்தின் தூண்களைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும்: தூணின் முன்னால் நீர் ஒழுங்காகப் பிரிகிறது, தூணுக்குப் பின்னால்தான் குழம்பிச் சுழல்கிறது. பிரிந்த நீர் மறுபடி ஒன்றுசேர்வது, பிரிவதைவிடக் கடினம்.

காரணம் இது. காரின் உடம்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் உராய்வால் ஏற்கெனவே களைத்திருக்கிறது. கூரை பின்னால் தாழத் தொடங்கியதும், போகப் போக அழுத்தம் கூடும் பகுதிக்குள் அது நுழைந்தாக வேண்டும். சரிவு மெதுவாக இருந்தால் எப்படியோ ஏறிவிடும். செங்குத்தாக இருந்தால் பாதியிலேயே மூச்சு முட்டி, உடம்பை விட்டு விலகிவிடும். விலகிய இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த சுழல்கள் மண்டிக்கிடக்கும். முன்னால் உயர் அழுத்தம், முதுகில் குறை அழுத்தம். இந்த வித்தியாசம்தான் காரைப் பின்னோக்கி இழுக்கிறது.

அப்படியானால் நீளமாக, மெதுவாக ஒடுங்கும் நீர்த்துளி வடிவம்தானே சிறந்தது? ஆம். எட்முண்ட் ரும்ப்ளர் என்ற ஆஸ்திரியர் 1921இலேயே அப்படி ஒரு காரைக் காட்டினார். 1979இல் ஃபோக்ஸ்வாகன் அதைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது செயற்கைக் காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில், வைத்துப் பார்த்தபோது அதன் காற்றுத்தடை எண் 0.28. வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு இது; குறையக் குறைய நல்லது. பல தற்காலக் கார்களே அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் முழு நீர்த்துளிக்கு வால் மிக நீளமாக வேண்டும். அதை எங்கே நிறுத்துவது? 1930களில் ஜெர்மனியின் வுனிபால்ட் காம் வழி கண்டார்: கொஞ்ச தூரம் ஒடுக்கிக் கொண்டுபோ, பிறகு வாலை வெட்டிவிடு. வெட்டிய முகம் சிறியதாக இருந்தால் சுழலும் சிறியதே. பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும், நீளம் மிச்சம். மாணவர் பார்த்த அந்த வெட்டு இதுதான். விளிம்பு கூர்மையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உருண்ட விளிம்பில் காற்று எங்கே விலகுவது என்று தெரியாமல் இடம் மாறி மாறி விலகும். கூரிய விளிம்பில் ஒரே இடத்தில் விட்டுப் போகும்.

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1984இல் ஜெர்மனியில் எஸ். ஆர். அகமதுவும் கூட்டாளிகளும் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது கார்கூட இல்லை. முன்முனை உருட்டப்பட்ட, ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள ஒரு பெட்டி. பின்பக்கக் கூரைச் சரிவை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். ஏறக்குறைய 12 டிகிரியில் தடை மிகக் குறைவு. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போய் 30 டிகிரியில் உச்சம் தொட்டது. இன்னும் கொஞ்சம் சரித்ததும் தடை திடீரென்று சரிந்து விழுந்தது! சரிவு கூடினால் நிலைமை மோசமாகத்தானே வேண்டும்?

மர்மம் பக்கவாட்டு விளிம்புகளில் இருக்கிறது. பக்கங்களில் அழுத்தம் கூடிய காற்று, அழுத்தம் குறைந்த சரிவின்மேல் புரண்டு விழுகிறது. இரு ஓரத்திலும் ஒவ்வொரு சுழல், காரின் நீளவாட்டில் முறுக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. இந்த இரட்டைச் சுழல்கள் நடுவிலுள்ள காற்றைக் கீழே அமுக்கிச் சரிவோடு ஒட்டவைக்கின்றன. கூடவே தங்கள் குறை அழுத்தத்தால் சரிவைப் பின்னோக்கி உறிஞ்சியும் இழுக்கின்றன. 30 டிகிரியில் அந்த உறிஞ்சல் உச்சம். அதைத் தாண்டினால் காற்று கூரை முனையிலேயே விலகிவிடும், சுழல்கள் வலுவிழக்கும், உறிஞ்சலும் போய்விடும். நேர்த்தியாக ஒட்டிக்கொண்டு போகும் காற்று, குழம்பிக் கிடக்கும் காற்றைவிட அதிகமாக இழுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத முரண் இது.

வாலை வெட்டிய பிறகும் ஆசை விடவில்லை. 2015இல் மெர்சிடிஸ் காட்டிய ஐஏஏ என்ற கான்செப்ட் கார், 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் பின்பக்கத்தில் எட்டுத் தகடுகளை நீட்டி 39 செ.மீ. கூடுதல் நீளமாகிவிடும். தடை எண் 0.25இலிருந்து 0.19க்கு இறங்கும். ஊருக்குள் குட்டை, நெடுஞ்சாலையில் நெட்டை. அதே நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸின் எண் 0.17. ஒரே சார்ஜில் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து பிரான்சின் தென்கரை வரை 1,000 கி.மீ.க்கு மேல் ஓடிக் காட்டியது.

இனி கூரைக் காற்றாலை. காற்றின்றி ஓடும் காரில் அது இன்னொரு தடை, அவ்வளவே. காற்றாலையைத் தள்ளும் விசையை எதிர்த்து மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டும். இறக்கைகளைக் கடக்கும்போது காற்றின் வேகம் குறைவதால், கிடைக்கும் மின்சாரம் செலவழித்ததைவிட எப்போதும் குறைவுதான். இதை மறைத்து உலவும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்; 1996இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று தமிழ்நாட்டில் பாதிப்பேர் நம்பியது நினைவுக்கு வரும். புதுக் காரின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அதனால் மைலேஜ் குறையப்போவதில்லை. ஒன்றை மட்டும் மாணவருக்காகச் சொல்ல வேண்டும். உண்மையான எதிர்காற்று அடித்தால் கணக்கு மாறும். மெதுவாகப் போகும் வண்டி, காற்றாலையின் பலத்தாலேயே காற்றை எதிர்த்து நகர முடியும். நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் இதற்குப் போட்டியே நடந்திருக்கிறது. ஆரல்வாய்மொழியில் அது முடியும், மார்த்தாண்டத்தில் முடியாது.

நம் ஊர்ச் சாலைகளுக்கு வழுக்கும் உருவத்தைவிட எடை குறைப்பே பெரிய லாபம் என்பது என் கட்சி. 2022இல் சிட்ரோயன் காட்டிய ஓலி என்ற கான்செப்ட் காரை அதனால்தான் ரசித்தேன். முன்கண்ணாடி நெட்டுக்குத்தாக நிற்கும். வெயில் குறைவாக இறங்கும், ஏசிக்கு வேலை குறையும். கூரை, மறுசுழற்சி அட்டையால் செய்த தேன்கூட்டுப் பலகை. எடை இலக்கு 1,000 கிலோ, உச்ச வேகம் 110 கி.மீ.

நாட்டு வருமானத்தில் 1 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாட்டில், ஒவ்வொரு கல்லூரிக்கும் பெரிய காற்றுச் சுரங்கம் கேட்பது நடக்காது. ஆனால் இந்த மாவட்டத்துப் பொறியியல் மாணவர்களுக்கு இலவசக் காற்று இருக்கிறது. அகமதுவின் பெட்டியை மரத்தில் செய்து, பின்சரிவை மாற்றிப் பொருத்தும்படி வைத்து, மேலெல்லாம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, ஜூலையில் கணவாயில் ஒரு மேடைமீது நிறுத்துங்கள். இயற்கைக் காற்று விட்டுவிட்டு அடிக்கும் என்பதால் ஒரே கோணத்தில் பல முறை படம் எடுக்க வேண்டும். 25 டிகிரியில் நூல்கள் சரிவின் நடுவில் படிந்து கிடக்கும், ஓரங்களில் மட்டும் முறுக்கிக்கொள்ளும். 35இல் எல்லாம் ஒருசேரத் தலைவிரித்து ஆடும்.