கரியமில வாயுவுக்கு ஒரு துறைமுகம்

நார்வேயின் தென்கரையில் பிரெவிக் என்னும் சிற்றூரில் ஒரு சிமென்ட் ஆலை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லே பிரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. சிமென்ட் ஆலைகளின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவதால், நிலக்கரியை விட்டு வேறு எரிபொருளுக்கு மாறினாலும் அந்தப் பங்கு அப்படியேதான் இருக்கும். எனவே புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிக்க வேண்டும். 2025 ஜூன் மாதம் முதல் பிரெவிக் ஆலை அதைச் செய்துவருகிறது.

பிடிக்கும் முறை இதுதான். உயரமான கோபுரம் ஒன்றில் புகை கீழிருந்து மேலே ஏற, அமீன் என்னும் வேதிப்பொருள் கலந்த நீர் மேலிருந்து வழிந்து இறங்குகிறது. வழியில் அமீன் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. அந்த நீரை இன்னொரு கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் பிடி தளர்ந்து வாயு தனியே வெளிவருகிறது. அமீன் மீண்டும் முதல் கோபுரத்துக்குத் திரும்புகிறது. இதில் செலவு பிடிப்பது பெரும்பாலும் இந்தச் சூடுதான். பிரெவிக்கில் சூளையில் வீணாகும் வெப்பத்தையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த வெப்பம் எவ்வளவுக்குக் காணுமோ அவ்வளவுதான் பிடிக்க முடியும் என்பதால், ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ பாதி, அங்கே பிடிக்கப்படுகிறது.

பிடித்தாயிற்று; இனி அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான முடிச்சு வேதியியலில் இல்லை, இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு சிமென்ட் ஆலை தனக்கென்று கடலடியில் கிணறு தோண்டிக்கொள்ள முடியாது. கிணறு தோண்டத் தெரிந்த எண்ணெய் நிறுவனமோ, சரக்கு வருமென்ற உறுதியில்லாமல் பெரும்பணத்தைக் கடலில் இறக்காது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருந்தே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

இத்தனைக்கும் கடலடியில் வாயுவைப் புதைப்பது நார்வேக்குப் புதிதல்ல. வட கடலில் உள்ள ஸ்லைப்னர் எரிவாயு வயலில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தது, வாங்குவோர் 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற்கமாட்டார்கள். பிரித்தெடுத்ததைக் காற்றில் விட்டால் 1991-இல் நார்வே விதித்த கரிம வரியைக் கட்ட வேண்டும். எனவே 1996 முதல் அதை அங்கேயே கடலுக்கடியிலுள்ள மணற்கல் அடுக்கில் செலுத்திவருகிறார்கள். ஆனால் அங்கே வாயுவைப் பிடிப்பவரும் புதைப்பவரும் ஒருவரே. சந்தை என்ற ஒன்று தேவைப்படவில்லை.

சந்தை உருவாக வேண்டுமானால் இந்த இரு வேலைகளும் தனித்தனி கைகளுக்குப் போக வேண்டும். ஊர்ப் பால் சங்கத்தை நினைத்துப் பார்க்கலாம். மாடு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் குளிரூட்டும் நிலையமும் டேங்கர் லாரியும் வாங்குவதில்லை. சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள், தரம் பார்த்த பின் மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. ஈக்வினார், ஷெல், டோட்டல்எனர்ஜீஸ் ஆகிய மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நார்தர்ன் லைட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ இந்தச் சங்கத்தின் வேலையைச் செய்கிறது. ஒரு வேறுபாடு: இங்கே ஊற்றுபவரே கட்டணமும் தர வேண்டும். முதல் முடிச்சை அவிழ்க்க, பிடிப்பு முதல் புதைப்பு வரையிலான முதற்கட்டத் திட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நார்வே அரசு ஏற்றுக்கொண்டது.

தரப் பரிசோதனை கண்டிப்பானது. பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. ஈரம் சேர்ந்தால் கரியமில வாயு அமிலமாகி எஃகை அரித்துவிடும். தேறிய வாயுவை 15 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், மைனஸ் 26 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். அழுத்தம் 5 மடங்குக்கும் கீழே போனால் அது திரவமாக நிற்காது, உறைபனிக் கட்டியாகி குழாயை அடைத்துக்கொள்ளும். சாதாரண நிலையில் ஐந்நூறு கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் ஒரு டன் வாயு, இப்போது ஒரு கன மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 7,500 கன மீட்டர் கொள்ளளவுள்ள கப்பல் அதை பெர்கன் நகருக்கு அருகே எய்கார்டனில் உள்ள முனையத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே சென்று, கடற்படுகைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் நுழைகிறது.

அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அது வாயுவைப் போலப் பரவினாலும் திரவத்தைப் போல அடர்த்தியாகவே இருக்கும். ஆயினும் துளைகளில் ஏற்கெனவே உள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மேலே எழத்தான் பார்க்கும். மேலே மூடிபோல அமைந்த களிப்பாறை அதைத் தடுக்கிறது. காலப்போக்கில் ஒரு பகுதி உப்புநீரில் கரைகிறது, மிக மெதுவாக ஒரு பகுதி கனிமமாகவே மாறுகிறது. பிரெவிக்கிலிருந்து வந்த முதல் சரக்கு 2025 ஆகஸ்டில் இப்படி உள்ளே போனது.

அடுத்து அண்டை நாடுகளிலிருந்து சரக்கு வர வேண்டும். நெதர்லாந்தில் உள்ள யாரா உர ஆலை ஆண்டுக்கு 8 லட்சம் டன், டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் மின் நிறுவனம் 4.3 லட்சம் டன், ஸ்வீடன் தலைநகருக்கு வெப்பமும் மின்சாரமும் தரும் ஸ்டாக்ஹோம் எக்சர்ஜி நிறுவனம் 9 லட்சம் டன் வரை அனுப்ப ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வந்த பிறகுதான், ஆண்டுக்கு 15 லட்சம் டன்னாக இருந்த நார்தர்ன் லைட்ஸின் கொள்ளளவை 50 லட்சமாக உயர்த்தும் முடிவு 2025 மார்ச்சில் எடுக்கப்பட்டது. ஆனால் கடலில் கொட்டுவதற்காகக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதை லண்டன் நெறிமுறை என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் தடைசெய்கிறது. கரியமில வாயுவுக்கு விலக்களிக்கும் திருத்தம் 2009-இல் நிறைவேறியும் போதிய நாடுகள் ஏற்காததால் முடங்கிக் கிடந்தது. 2019-இல்தான் விரும்பும் நாடுகள் அதைத் தற்காலிகமாகக் கடைப்பிடிக்க வழி பிறந்தது.

இனி பணம். ஐரோப்பாவில் ஒரு டன் கரியமில வாயுவை வெளிவிடும் உரிமைக்கு 2025 நடுவில் சுமார் 70 யூரோ விலை இருந்தது. பிடித்து, ஏற்றி, புதைக்கும் மொத்தச் செலவு இன்னும் அதைவிடக் கூடுதல் என்பதால் அரசுப் பணமில்லாமல் வண்டி ஓடாது. ஸ்டாக்ஹோம் எக்சர்ஜி ஆலையில் எரிப்பது மரக்கழிவு என்பதால் அங்கே பிடிக்கும் வாயு காற்றிலிருந்து நீக்கப்பட்டதாகக் கணக்காகிறது; அந்தக் கணக்கை மைக்ரோசாஃப்ட் போன்றோர் விலைக்கு வாங்குகிறார்கள்.

பிடித்ததைப் பயன்படுத்துவதும் உண்டு. தூத்துக்குடியில் ஒரு வேதியியல் ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் திட்டத்தை 2016-இல் தொடங்கியது. ராட்டர்டாம் சுத்திகரிப்பு ஆலையின் வாயு அருகிலுள்ள பசுமைக் குடில்களில் செடிகளுக்குப் போகிறது. வெளியிலிருந்து வாங்கும் வாயு மிச்சமாகிறது என்பது நல்லதே; ஆனால் செடிகள் எடுத்துக்கொண்ட வாயுவும் விளைச்சலை உண்டபின் காற்றுக்கே திரும்பிவிடும் என்பதால், இதைப் புதைப்பதற்கு ஈடாக எண்ணுவதை நான் ஏற்கமாட்டேன்.

புதைத்தவரின் பொறுப்பும் கிணற்றை மூடியவுடன் தீர்ந்துவிடுவதில்லை. கசிந்தால், கசிந்த ஒவ்வொரு டன்னுக்கும் உமிழ்வு உரிமை வாங்கி ஈடுகட்ட வேண்டும். 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி, மூடிய பிறகு பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கண்காணித்து, வாயு நிலைத்துவிட்டது என்று நிறுவிய பின்னரே அந்தப் பொறுப்பு அரசின் கைக்கு மாறும்.