வெள்ளை அரிசியின் இரண்டு வம்சாவளிகள்

மட்டக்களப்பின் படுவான்கரை வட்டைகளில் பெரும்போக நெல் முற்றும் காலத்தில், விதைத்த பயிரைவிட உயர்ந்து, தொட்டவுடன் மணி உதிர்க்கும் களை நெல் ஆங்காங்கே நிற்பதைக் காணலாம். இத்தகைய களைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன; அவற்றுள் சில பயிர் நெல்லும் காட்டு நெல்லும் கலந்து பிறந்தவை. அவ்வாறு கலந்து பிறந்தவற்றை, எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கூர்ப்பு மரத்தின் எந்தக் கிளையில் வைப்பது என்று கேட்டால், மரத்திடம் விடையில்லை. மரத்தில் ஒரு கிளை இரண்டாகப் பிரியுமேயன்றி, பிரிந்தவை மீண்டும் கூடுவதில்லை. கலப்பினமாதலையும், பற்றீரியாக்கள் தமக்குள் பரம்பரையலகுகளைக் கைமாற்றிக்கொள்வதையும் காட்ட, இரு பெற்றோர்க் கிளைகள் ஒரே கணுவில் வந்து சேரும் வரைபடம் வேண்டும். அதுவே கூர்ப்பு வலையமைப்பு.

நாம் உண்ணும் வெள்ளை அரிசியே இதற்கு மிகச் சிறந்த சான்று என்பேன். காட்டு நெல்லின் அரிசி சிவப்பானது. அந்த நிறத்துக்குத் தேவையான ஆர்சி என்னும் பரம்பரையலகில் 14 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போனதால் தவிட்டில் சிவப்புச் சேராமல் போனது. வெள்ளை அரிசி இனங்களில் மிகப் பெரும்பாலானவை இதே விடுபடலைக் கொண்டுள்ளன. ஆனால் முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டால், இந்திக்கா, ஜப்போனிக்கா ஆகிய இரு பெரும் நெல் வகைகளின் மூதாதையர் மனிதர் வேளாண்மை தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே பிரிந்துவிட்டமை தெரிகிறது. அப்படியிருக்க இரண்டிலும் அதே 14 எழுத்துகள் எவ்வாறு விடுபட்டன? வெள்ளை இந்திக்காவில் அந்த இடத்தைச் சூழ்ந்துள்ள டிஎன்ஏ ஜப்போனிக்காவினுடையதை ஒத்திருக்கிறது. ஜப்போனிக்காவில் தோன்றிய மாற்றம் கலப்பின் வழியே இந்திக்காவுக்குச் சென்றது. வெள்ளை மணியை விரும்பி விதைக்கு ஒதுக்கிய உழவர்கள் அதனைப் பரப்பினார்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராயினும், அரிதாக நிகழும் அயல் மகரந்தச் சேர்க்கையே இதற்குப் போதுமானதாயிற்று.

தாய்வழியில் குடி எண்ணும் மட்டக்களப்பு வழக்கத்தில் தந்தையின் முன்னோர் கணக்கில் வராததுபோல, ஒரு பரம்பரையலகைப் பின்தொடர்ந்து வரையும் மரமும் ஒரு வழியை மட்டுமே சொல்லும். ஆகவே ஆய்வாளர்கள் பல பரம்பரையலகுகளுக்குத் தனித்தனி மரங்கள் வரைந்து, அவை அனைத்தையும் உள்ளடக்கக்கூடிய, இயன்றவரை குறைந்த கலப்புக் கணுக்களைக் கொண்ட வலையமைப்பைத் தேடுகிறார்கள். இனங்கள் பெருகப் பெருகச் சாத்தியமான வரைபடங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், இது கணினிக்கும் கடினமான வேலை.

மரங்கள் முரண்படும் இடமெல்லாம் கலப்பு நடந்ததென்று முடிவுகட்டுவது தவறு. மூதாதை இனத்தில் ஒரு பரம்பரையலகுக்கு முன்பே இருந்த இரு வடிவங்கள் வழித்தோன்றல்களுக்குத் தற்செயலாகப் பங்கிடப்பட்டாலும் முரண்பாடு தோன்றும். மூன்று இனங்களை ஒப்பிடும்போது, தற்செயல் மட்டுமே காரணமாயின், பிரதான மரத்தோடு முரண்படும் இரு மர வடிவங்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் கிடைக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாக மிகுந்திருந்தால் கலப்பு நிகழ்ந்திருக்க இடமுண்டு.

களை நெல்லில் இந்தக் கணக்கு உழவரின் செலவையும் தொடுகிறது. களைகொல்லியைத் தாங்கும் நெல்லைப் பயிரிட்ட அமெரிக்க வயல்களில், அந்தத் தாங்குதிறன் மகரந்தத்தின் வழியே களை நெல்லுக்கும் சென்று சேர்ந்தது. அதன்பின் அதே களைகொல்லியால் அக்களையை அழிக்க முடியவில்லை.