சொம்புத் தண்ணீரில் செத்த செடி

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மடியில் வைத்தபடியே இறக்கிக் கொண்டுவந்த செடி அது. ஏரிக்கு அருகே சாலையோரத்தில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதில் திருநீறு பூசிய தாமரை மொட்டுபோல ஓர் எச்செவேரியா, இலையில் நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுள்ள செடி. சேலத்து வீட்டுக்கு வந்த அன்றே அதை ஓர் அழகான பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றினேன். கொல்லைச் செம்மண், இரண்டு கை தொழு உரம், கடைசியாக அம்மா பழக்கியபடி ஒரு சொம்பு தண்ணீர். பத்தாம் நாள் அடி இலைகள் கண்ணாடிபோல ஊறித் தொட்டதும் கழன்றன. தண்டு அழுகிய வெங்காயம்போல நாறியது.

"நட்டதும் தண்ணீர் விட்டால்தான் வேர் மண்ணைப் பிடிக்கும்" என்பது அம்மாவின் சட்டம். கத்தரி நாற்றுக்கும் மிளகாய் நாற்றுக்கும் அது முழுக்கச் சரி. பிடுங்கி நடும்போது அறுபடுவது கண்ணுக்குத் தெரியும் வேர் மட்டுமல்ல. நீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு, நுனி வேர்களில் முளைத்திருக்கும் நூலிழையினும் மெல்லிய வேர்த்தூவிகளுடையது. அவைதான் முதலில் போகின்றன. வரவு நின்றாலும் செலவு நிற்காது. பகல் முழுக்க இலைத்துளைகள் திறந்திருப்பதால் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் நாற்று துவண்டுவிடும். உடனே தண்ணீர் விடுவது அதற்கு உயிர்ப் பிச்சை.

சதைப்பற்றுள்ள செடிகளின் கணக்கு வேறு. அவற்றில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கின்றன. இருட்டில் உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்களுக்குள் சேமிக்கின்றன. ஆப்பிளுக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவை மீண்டும் பிரித்து, வெயிலைக் கொண்டு மாவுச்சத்தாக்குகின்றன. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்கச் சாதாரணச் செடி 400 முதல் 500 கிராம் நீரை ஆவியாக விடுகிறது. இவை 50 முதல் 100 கிராமோடு வேலையை முடித்துக்கொள்கின்றன. நம் வேலியில் படரும் பிரண்டையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த இரவு வேலையின் தடயத்தை முதலில் நாக்கால் கண்டு எழுதியவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் தாவர ஆய்வாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் மாலையில் சற்றுக் கசப்பாகவும் இருப்பதைக் கவனித்தார். அவருடைய குறிப்பு 1815-இல் லண்டனில் அச்சானது. 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் அதே செடிதான். விடியற்காலையில் ஒரு நுனியைக் கடித்துத் துப்பிப் பார்க்கலாம். விழுங்க வேண்டாம், இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் அதில் உண்டு.

ஆக, என் எச்செவேரியாவுக்கு அன்று தாகமே இல்லை. இலை நிறைய நீர் வைத்திருந்தது, செலவும் சொற்பம். அதற்குத் தேவைப்பட்டது புண் ஆறும் அவகாசம். அறுபட்ட வேர் நுனியில் சில நாட்களில் தக்கைபோன்ற ஒரு படலம் மூடுகிறது. அதற்குமுன் ஈரம் சூழ்ந்தால், நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் போன்ற நுண்ணுயிர்களுக்குத் திறந்த வாசல் கிடைக்கிறது. அவற்றின் வித்துகளுக்கு வால் உண்டு. மண்துகள்களுக்கிடையே தேங்கிய நீரில் நீந்தியே வேரைத் தேடி வரும். உலர்ந்த மண்ணில் அவற்றுக்குப் பாதை இல்லை.

அது பாதிக் கதைதான். மீதிக் குற்றம் கிண்ணத்துடையது. அதன் அடியில் துளை இல்லை. "அதனால் என்ன, கீழே கூழாங்கல் போட்டால் தண்ணீர் அங்கே இறங்கிவிடும்" என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். இன்றும் பலர் நம்புகிறார்கள். இதைப் பொய்யென்று காட்ட, பாத்திரம் துலக்கும் நீள்சதுர ஸ்பாஞ்சு ஒன்று போதும். அதை நன்றாக நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டி முடிந்து நின்றுவிடும். பிழியாமல், அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டத் தொடங்கும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான். நுண்ணிய இடுக்குகளில் நீர் சுவரைப் பற்றிக்கொண்டு, புவியீர்ப்பை எதிர்த்து ஒரு குறிப்பிட்ட உயரம்வரை நிற்கும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் அந்த உயரம் சுமார் 3 சென்டிமீட்டர். குழாய் மெலிய மெலிய உயரம் கூடும், 0.3 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். மண்ணின் இடுக்குகள் நேரான குழாய்கள் அல்ல என்றாலும் போக்கு இதுவே. இப்போது என் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள்: ஆழம் 7 சென்டிமீட்டர், நிரப்பியதோ மாவுபோன்ற செம்மண். அடியில் துளை இருந்திருந்தாலும் மண் கிட்டத்தட்ட மேல்வரை ஊறியே நின்றிருக்கும்! தொட்டி குட்டையாக ஆக, ஊறிய அடுக்கின் பங்கு அதில் கூடுகிறது. சின்னத் தொட்டி சீக்கிரம் காயும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை.

கூழாங்கல் ஏன் உதவவில்லை? நுண்ணிய இடுக்கு, தான் பிடித்த நீரைப் பெரிய இடுக்குக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. மண்ணின் அடிப்பகுதி நிறைந்து ததும்பினால்தான் கல்லுக்குள் சொட்டும். எனவே ஊறிய அடுக்கு அழிவதில்லை. கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கமாக வந்துவிடுகிறது. ஊறிய மண்ணில் வேர் மூச்சு முட்டும். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு.

இரண்டாவது செடியை வாங்கியபோது கல்லைத் தொட்டியின் அடியில் போடவில்லை, மண்ணோடு கலந்தேன். செங்கல் துண்டுகளை உடைத்து, பட்டாணிக்கும் உளுந்துக்கும் இடைப்பட்ட அளவில் சலித்து எடுத்தது இரண்டு பங்கு. செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு. எம்-சாண்டும் போடலாம்; ஆனால் அதன் தூளை அலசிப் போக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடுக்குகளை அடைத்து மறுபடி பழைய கதைதான். பெர்லைட் என்ற பொரிந்த வெள்ளைக் கல்லும் நுரைக்கல்லும் வாங்கத்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சூளைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரில் உடைந்த செங்கலுக்குக் காசு கொடுப்பானேன்?

தொட்டி பழையதைவிட ஒரு விரற்கடை அகலம், அவ்வளவுதான். தாராளமாக இருக்கட்டுமே என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் இருக்கும் நீரை எடுத்துச் செலவழிக்க ஆளில்லை, நாட்கணக்கில் தேங்கும். நான் தேர்ந்தது சுட்ட மண் தொட்டி. மண்பானைத் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே கசிவு, இங்கே சுவர் வழியாக ஈரத்தை வெளியேற்றுகிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் கொதிப்பதை நினைத்தால் வேர் குளிர்ச்சியும் கூடுதல் லாபம்.

மாற்றுவதற்கு நான்கைந்து நாள் முன்பே நீரை நிறுத்தினேன். உலர்ந்த மண் எளிதில் உதிரும். செடியைச் சாய்த்து எடுத்தபோது, வேர் நடுவே தென்னைநார்க் கழிவின் கெட்டியான உருண்டை ஒன்று இருந்தது. நர்சரிகளுக்கு அது எடை குறைந்த, மலிவான ஊடகம். நம் வீட்டில் நனைந்தால் நெடுநாள் காயாது, முற்றிலும் காய்ந்து சுருங்கினாலோ தண்ணீர் ஓரத்து இடைவெளி வழியாக ஓடிவிடும். குச்சியால் மெதுவாக உதிர்த்தேன். வேரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. இந்த மாவட்டத்து மரவள்ளி விவசாயிகளிடம் கேட்டால் அந்த இனத்தின் பெருமையைச் சொல்வார்கள். பழுப்பாகக் குழைந்த வேர்களை நறுக்கிவிட்டு, செடியை மூன்று நாள் நிழலில் வெறும் தாளின்மேல் கிடத்தினேன். அம்மாவால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஒரு வாய் தண்ணீராவது கொடு" என்றார்.

இலையைத் தொடாமல் தண்டருகே பிடிப்பது நல்லது. அந்தத் திருநீறு தூசியல்ல, செடியே சுரக்கும் மெழுகு. வெயிலைத் திருப்பி அனுப்பும், நீர் ஆவியாவதைக் குறைக்கும். ஒருமுறை விரல் பட்ட இடத்தில் ரேகை பதிந்தது பதிந்ததுதான்.

எப்போது மாற்றுவது என்பதில் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் வேறுபாடு உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக்கணக்கில் எட்டு டிகிரி வித்தியாசம். எச்செவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை; அதன் பெயரே அத்தனாசியோ எச்செவெரியா என்ற மெக்சிகோ ஓவியரின் நினைவாக 1828-இல் வைக்கப்பட்டது. பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் அதற்குப் பழக்கம். இரவும் புழுங்கினால், வாயுவைச் சேமிக்கும் வேலை மந்தமாகி, சுவாசத்தில் செலவு மட்டும் ஏறும். வளர்ச்சி நின்ற செடிக்குப் புது வேர் விடத் தெம்பிருக்காது. அதனால் சேலத்தில் சித்திரை, வைகாசியில் கைவைக்கக் கூடாது. விடாத ஐப்பசி மழையிலும் வேண்டாம். தை பிறந்து மாசி முடிவதற்குள் செய்வது உத்தமம். அதே செடியை மலைமேல் வைத்திருப்பவர்களுக்குக் கோடையும் தோதானதே. மழையும் மூடுபனியும்தான் அவர்களுடைய கவலை.

புதுத் தொட்டியில் வைத்து எட்டாம் நாள், செடியை இரு விரலால் இலேசாக அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை, வேர் பிடித்திருந்தது. அடி இலைகள் சற்றுச் சுருங்கியிருந்தன. அன்று மாலை அம்மாவிடமே சொம்பைக் கொடுத்தேன். அடித்துளையில் ஒழுகும்வரை நிதானமாக ஊற்றினார். இரண்டு நாளில் சுருக்கம் நிமிர்ந்தது. மிகக் கீழே இருந்த ஓர் இலை மட்டும் காகிதம்போலக் காய்ந்து தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; தன்னிடமிருந்த நீரைப் புது வேருக்குக் கொடுத்துவிட்ட இலை அது, தானாக உதிரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.